‘1938 ஒரிஜினல்’ என்று விற்ற ஜெர்மன் ஹெல்மெட்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எஸ்லிங்கனில் வேலை பார்க்கிறேன். இரண்டாம் உலகப் போர் வரலாற்றில் ஆர்வம் அதிகம். இதே ஊரில் இருந்த குவிஸ்ட் தொழிற்சாலையில் செய்த ஜெர்மன் ராணுவ ஹெல்மெட் ஒன்று வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. இணைய விளம்பரம் பார்த்து ஒரு தனிநபரிடம் 1,450 யூரோ கொடுத்து வாங்கினேன். விளம்பரத்தில் ‘எம்35, 1938, இரண்டு டெக்காலும் ஒரிஜினல், கைபடாதது’ என்று இருந்தது (எம்35 என்பது 1935 மாடல், டெக்கால் என்பது ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஒட்டும் சின்னம்). கடைசி வரியில் ‘தனியார் விற்பனை, உத்தரவாதம் இல்லை, திரும்பப் பெற மாட்டேன்’ என்றும் இருந்தது. நான்கு மாதம் கழித்து, சேகரிப்பில் பழக்கமுள்ள ஒருவர் பார்த்துவிட்டு, கூடு, அதாவது இரும்புத் தகடு, பழையதுதான், ஆனால் எம்35 இல்லை, டெக்கால் பின்னால் ஒட்டியது என்றார். விற்றவரைக் கேட்டால், ‘இந்த விலைக்கு என்ன எதிர்பார்த்தீர்கள்? நான் நிபுணன் இல்லை’ என்கிறார். பணம் கிடைக்குமா? இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று நண்பர் பயமுறுத்துகிறார், உண்மையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். வைத்திருப்பது குற்றம் இல்லை. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு தடுப்பது, தடை செய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதையும் பரப்புவதையும், பரப்புவதற்காகத் தயாரிப்பது, இருப்பு வைப்பது, இறக்குமதி செய்வது போன்றவற்றையும்தான். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். உங்கள் அலமாரிக்குள் இருக்கும் ஹெல்மெட் இதில் வராது. ஆனால் ராணுவக் கழுகுச் சின்னத்தின் கால்களுக்கிடையில் சின்னதாக ஒரு ஸ்வஸ்திகா இருக்கிறதல்லவா, அதுதான் ஆபத்து. தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி ஜன்னலில் வைக்காதீர்கள். யாரும் பார்க்கக்கூடிய சமூக ஊடகப் பக்கத்தில் படம் போடாதீர்கள். வரலாறு, ஆய்வு, கல்வி போன்ற நோக்கங்களுக்குச் சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு. என்றாலும், ‘ஒரிஜினலா சொல்லுங்கள்’ என்று கேட்டுப் போடும் படம் அதற்குள் வருமா என்று நீதிமன்றத்தில் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம். படத்தில் சின்னம் இருக்கும் இடத்தை ஒரு துண்டு பேப்பர் டேப்பால் மறைத்துவிட்டுப் போட்டால் போதும். சந்தைகளில் இந்தப் பொருட்களை விற்பவர்களும் அப்படித்தான் மறைக்கிறார்கள். (டேப்பைப் படத்தின் மேல் ஒட்டுங்கள், ஹெல்மெட்டின் மேல் அல்ல! டெக்கால் பெயர்ந்து வந்தால் உங்கள் சாட்சியமே போய்விடும்.)

இனி பணத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு படங்களையும் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். எம்35-லும் அதற்குப் பின் வந்த எம்40-லும் தகட்டின் ஓரம் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருக்கும், விரல் வழுக்கிக்கொண்டு போகும். உங்களுடையதில் தகடு வெட்டிய ஓரம் அப்படியே வெளிப்பக்கம் விரிந்து நிற்கிறது. இரும்பும் வேலையும் மிச்சமாக வேண்டும் என்று 1942-ல் கொண்டுவந்த எம்42 மாதிரி அது. காற்றுத் துளையும் அதையே சொல்கிறது. எம்35-ல் தனியாக ஒரு சிறு வளையம் செருகியிருப்பார்கள், உங்களுடையதில் துளை தகட்டிலேயே அழுத்தி எடுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இடப்பக்கத்தில் ‘கியூ64’ என்று அடித்திருப்பது உண்மையில் குவிஸ்ட் முத்திரைதான். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஆசை நிறைவேறியிருக்கிறது.

அடுத்ததுதான் வழக்கின் உயிர்நாடி. வலப்பக்கத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு மூவர்ணக் கேடயம் ஒட்டியிருக்கிறது. ராணுவ ஹெல்மெட்டுகளில் அந்தக் கேடயத்தை நிறுத்தச் சொல்லி 1940-லேயே உத்தரவு வந்துவிட்டது. 1942-ல் பிறந்த ஒரு கூட்டில் 1940-ல் கைவிட்ட சின்னத்தைத் தொழிற்சாலை எதற்கு ஒட்டப் போகிறது? போலீஸ் ஹெல்மெட்டுகளின் கதை வேறு, அவற்றில் இரட்டைச் சின்னம் பின்னாலும் தொடர்ந்தது. உங்களுடையது ராணுவக் கழுகு போட்டது, அதனால் அந்த வாதம் விற்றவருக்கு உதவாது. பெயின்ட்டைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பாமலே, 1938 என்பது பொய் என்று ஒரு நீதிபதிக்கு மேசை மேலேயே காட்டிவிடலாம். சேகரிப்பு வழக்குகளில் இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது அபூர்வம்.

சரி, ‘உத்தரவாதம் இல்லை’ என்ற வரி? பலர் இந்த ஒரு வரியைப் பார்த்தே கைவிட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. தனிநபர் விற்பனையில் அப்படிப் போடுவது செல்லும். ஆனால் ஒரு கையால் ‘1938, இரண்டு டெக்காலும் ஒரிஜினல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறு கையால் அதையே பிடுங்கிக்கொள்ள முடியாது. கார்ல்ஸ்ரூவேயில் இருக்கும் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2006-ல் ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. விளம்பரத்தில் ஓடிய தூரம் 30,000 கிலோமீட்டர் என்றிருந்தது, மீட்டர் காட்டியதோ மைல் கணக்கு. விற்றவர் பொறுப்பு விலக்கு போட்டிருந்தார். தெளிவாக ஒப்புக்கொண்ட தன்மைக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றது நீதிமன்றம். உங்கள் விளம்பரத்தில் இருக்கும் ஆண்டும் மாடலும் டெக்காலும் அப்படி ஒப்புக்கொண்ட தன்மைகள்தான்.

‘இந்த விலைக்கு’ என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. 2012-ல் அதே நீதிமன்றம், ஒரு யூரோவில் ஏலம் தொடங்கிய ஆடம்பர செல்போன் வழக்கைப் பார்த்தது. ஆரம்ப விலை குறைவு என்ற காரணத்தால் மட்டும், ‘அசல்’ என்று ஒப்புக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது என்று சொன்னது.

‘நான் நிபுணன் இல்லை’ என்பது அவருக்கே எதிராகத் திரும்பும். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல அடித்துவிடுவதையும் ஜெர்மன் நீதிமன்றங்கள் ஏமாற்றுதலாகவே எடுத்துக்கொள்கின்றன. நிபுணர் இல்லையென்றால் ‘கைபடாதது’ என்று எந்த நம்பிக்கையில் எழுதினார்? சிவில் சட்டம் 444-வது பிரிவுப்படி, ஏமாற்றி மறைத்தவர் பொறுப்பு விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. 123, 124 பிரிவுகளின்படி, ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கலாம்.

எதிர்த்தரப்பு இன்னொன்றும் சொல்லக்கூடும்: ‘படத்திலேயே விளிம்பு தெரிந்தது, நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.’ வாங்குபவர் பெரும் கவனக்குறைவோடு இருந்திருந்தால் உரிமை போகலாம் என்று 442-வது பிரிவு சொல்கிறது. முதல் ஹெல்மெட் வாங்கும் ஒருவர், வார்த்தையை நம்பியதைப் பெரும் கவனக்குறைவு என்று சொல்வது கடினம். ஆனால் ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்ற தொனியில் அவருக்கு ஏதாவது செய்தி அனுப்பியிருந்தால், அதை இப்போதே என்னிடம் சொல்லிவிடுங்கள்.

நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் முதல் ஓராண்டுக்குச் சுமை அவர் பக்கம் சாய்ந்திருக்கும், இணையத்தில் வாங்கியதால் 14 நாளில் காரணமே சொல்லாமல் திருப்பியும் கொடுத்திருக்கலாம். தனிநபரிடம் இரண்டும் இல்லை. ஆகவே விளம்பரப் பக்கத்தின் படம், செய்திகள், வங்கிப் பரிமாற்றம் எல்லாவற்றையும் இன்றே சேமித்து வையுங்கள், விளம்பரம் காணாமல் போகும் முன். ஹெல்மெட்டைத் துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள். டெக்கால் கரைகிறதா பார்க்கலாம் என்று அசிட்டோன் பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவும் வேண்டாம்.

அப்புறம் ஒரு கடிதம். பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். ஒரே ஒரு பழைய பொருள் என்பதால் மாற்றுப் பொருள் தர அவரால் முடியாது, அதற்கு அவகாசம் கொடுத்துக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாகவும், கூடவே ஏமாற்றியதற்காக அதைச் செல்லாததாக்குவதாகவும் எழுதி, 1,450 யூரோவுக்கு 14 நாள் கெடு வையுங்கள். பணம் வரும்போதே ஹெல்மெட் போக வேண்டும், முன்னால் அனுப்பிவிடக் கூடாது. கெடு தாண்டினால் அம்ட்ஸ்கெரிக்ட் என்ற உள்ளூர்க் கீழ்நிலை நீதிமன்றம் போதும். இந்தத் தொகைக்கு வழக்கறிஞர் வைப்பது கட்டாயம் இல்லை.

அந்தக் கடிதத்தில், ‘பணம் தராவிட்டால் ஸ்வஸ்திகா போட்டு விளம்பரம் செய்ததற்குப் போலீசில் சொல்வேன்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். கோபத்தில் எழுதத் தோன்றும், புரிகிறது. ஆனால் உங்களுக்கு வர வேண்டிய பணத்தோடு சம்பந்தமில்லாத குற்றத்தைக் காட்டிப் பணம் கேட்டால், மிரட்டிக் கட்டாயப்படுத்திய குற்றம் உங்கள் மேல் வரலாம். மோசடிப் புகார் கொடுப்பதானால் தனியாகக் கொடுங்கள். அது தண்டனைக்கான வழி, பணத்துக்கு சிவில் வழியைத்தான் நம்ப வேண்டும்.

ஒன்றை மட்டும் கடிதம் எழுதும் முன் யோசித்து முடிவு செய்யுங்கள். நீங்கள் தேடிய எஸ்லிங்கன் கூடு உண்மையானது. டெக்காலும், ‘1938, எம்35’ என்ற பேச்சும்தான் பொய். விலகாமல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, விலையைக் குறைத்து மீதியைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் விலைக் குறைப்பு என்று அறிவித்த பிறகு, மனம் மாறி ‘இல்லை, திருப்பித் தருகிறேன்’ என்று சொல்ல முடியாது. ஹெல்மெட் வேண்டுமா, 1,450 யூரோ வேண்டுமா என்று வீட்டில் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள், அதற்கேற்ற கடிதத்தை வடித்துத் தருகிறேன்.