மிச்சிகனில் மூன்றாவது கட்சிக்குப் போடும் வாக்கு வீணா?

கேள்வி: அண்மையில் அமெரிக்கக் குடியுரிமை பெற்று மிச்சிகனில் வசிக்கிறேன். பசுமைக் கட்சியின் கொள்கைகள்தான் எனக்குப் பிடித்திருக்கின்றன. அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்களித்தால் வீண் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நண்பர்களின் பயத்துக்கு உங்கள் மாநிலத்திலேயே காரணம் இருக்கிறது. 2016இல் மிச்சிகனில் டிரம்ப் 10,704 வாக்குகளில்தான் ஹிலாரி கிளிண்டனை வென்றார். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் பெற்றவை 51,463. அவை முழுவதும் ஹிலாரிக்குச் சேர வேண்டியவை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஸ்டைன் நிற்காவிட்டால் அவர்களில் எத்தனை பேர் வாக்குச்சாவடிக்கு வந்திருப்பார்கள்? ஆனாலும் மிச்சிகனில் போட்டி அவ்வளவு நெருக்கமானது.

குறை உங்கள் விருப்பத்தில் இல்லை, எண்ணும் முறையில் இருக்கிறது. 48 மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்ட வாக்குகள்) மொத்தமும் போகும். 1992 அதிபர் தேர்தலில் எந்தக் கட்சியையும் சாராமல் நின்ற ராஸ் பெரோ நாடு முழுவதும் ஏறத்தாழ 19 சதவீத வாக்குகள் வாங்கினார்; சுமார் 1 கோடியே 97 லட்சம் பேர்! தேர்வாளர் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1968இல் மூன்றாவது கட்சி வேட்பாளராக நின்ற ஜார்ஜ் வாலஸ் அதைவிடக் குறைவாக, 13.5 சதவீதமே பெற்றார். ஆனால் அவருடைய ஆதரவு தெற்கில் குவிந்திருந்ததால் ஐந்து மாநிலங்களை வென்றார். நாடெங்கும் சிதறிக் கிடக்கும் ஆதரவுக்கு இந்த முறையில் மதிப்பே இல்லை. இதை அநீதி என்றே நான் சொல்வேன்.

இதோடு, வாக்குச்சீட்டில் இடம்பெறுவதற்கே ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு வேறு விதிகள், கையெழுத்து சேகரிப்பு. மெய்ன் மாநிலம் 2020 முதல் அதிபர் தேர்தலிலும் விருப்ப வரிசைப்படி வாக்களிக்க விடுகிறது. உங்கள் முதல் விருப்பம் தோற்று வெளியேறினால் வாக்கு அடுத்தவருக்கு மாறும். மிச்சிகனில் அந்த வசதி இல்லை.

ஆகவே, இரு பெரிய வேட்பாளர்களில் ஒருவர் வரவே கூடாது என்று நினைத்தால், அதிபர் பதவிக்கு மற்றவரைத் தேர்ந்தெடுங்கள். அதில் குற்ற உணர்வு வேண்டாம். இருவரும் உங்களுக்கு ஒன்றே என்றால் பசுமைக் கட்சிக்கே போடுங்கள்.

எப்படி முடிவெடுத்தாலும் வாக்குச்சீட்டை அடிவரை படியுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் போன்றவற்றின் ஆட்சிக்குழுவினரைக்கூட அங்கே மாநில மக்கள் கட்சி அடிப்படையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறு கட்சிகள் அந்த இடங்களுக்கும் வேட்பாளர்களை நிறுத்துவதுண்டு. மேலே எப்படி வாக்களித்திருந்தாலும், அங்கே உங்கள் கட்சிக்குத் தயங்காமல் வாக்களிக்கலாம்.