மணலில் கரணம் போடும் பையன்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. சொத்தவிளை கடற்கரைக்குப் போனாலே குட்டிக்கரணம்தான். ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்க்க வயது தாண்டிவிட்டதா சார்?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தாண்டவில்லை அம்மா. ஆண்களுக்கு ரிங்ஸ் (தொங்கும் வளையங்கள்), பேரலல் பார் (இணைக் கம்பிகள்) என்று ஆறு பிரிவு, எல்லாவற்றுக்கும் தோள் பலம் வேண்டும், அது மீசை முளைக்கிற வயதில்தான் ஏறும். ஜப்பானின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் கோஹெய் உச்சிமுரா மூன்று வயதிலேயே தொடங்கினார், சரி, ஆனால் அவருடைய அப்பா அம்மாவே நாகசாகியில் பயிற்சிக்கூடம் நடத்தியவர்கள்! 2009 முதல் 2016 வரை உலகப் போட்டி, ஒலிம்பிக் எதிலும் ஆல்ரவுண்ட் (ஆறு பிரிவும் சேர்த்து) தங்கத்தை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மட்டும் வெறும் 0.099 புள்ளி வித்தியாசத்தில் தப்பித்து ஜெயித்தார். அப்பேர்ப்பட்டவரே டோக்கியோ ஒலிம்பிக்கில், 32 வயதில், ஹரிசாண்டல் பாரில் (உயரத்தில் இருக்கும் ஒற்றைக் கம்பி) கை நழுவி விழுந்தார். அப்புறம், மணலில் பின்பக்கக் கரணம் மட்டும் வேண்டாம், கழுத்து போய்விடும். மெத்தையும் கோச்சும் இருக்கிற இடமாகப் பாருங்கள்.