அறைக் கதவைத் திறக்கவே மனமில்லை. மாதிரி ரயிலை மொத்தமாக விற்றுவிடலாமா?

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக எச்.ஓ. அளவில் மாதிரி ரயில்பாதை அமைத்துவருகிறேன். ஏழு ஸ்டேஷன்கள் என்று திட்டம். இரண்டுதான் முடிந்தன, மற்ற ஐந்தும் வெறும் பலகையும் ஒயருமாக நிற்கின்றன. ஏழெட்டு மாதங்களாக அந்த அறைக்குள் போகவே பிடிக்கவில்லை. 38 என்ஜின்கள் இருக்கின்றன; 15 என்ஜின்களை அட்டைப்பெட்டியைவிட்டே எடுக்கவில்லை. இன்னும் மூன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். ஒருவர் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்த வாரம் மட்டுமல்ல, இன்னும் ஆறு மாதத்துக்கு எதையும் விற்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் அந்த "ஒரு வாரம்" பற்றிப் பேசியாக வேண்டும். ஏழெட்டு மாதமாகத் தூசி படிந்து கிடக்கும் சாமான் அடுத்த வாரத்துக்குள் அழுகிப்போக அதென்ன கத்தரிக்காயா? அவசரம் அவருக்குத்தான். உங்கள் மனம் மாறுவதற்குள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்கிற அவசரம்.

மொத்த வியாபாரி 38 என்ஜினுக்கும் விலை போடமாட்டார். அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். ஐந்தாறுக்கு மனத்துக்குள் விலை போடுவார். மற்றவை அவருக்கு இனாம். "அட்டைப்பெட்டி கிழிந்திருக்கிறதே", "இந்தக் காலத்துப் பிள்ளைகள் யார் இதை வாங்குகிறார்கள்" என்று பெருமூச்சு விடுவார். இன்னும் துணிந்தவர்கள் "முதலில் அனுப்பிவையுங்கள், விற்றதும் பணம்" என்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன், உங்களைப் போலவே அலுத்துப்போயிருந்த ஒரு மாதத்தில், நானும் ஒரு பெட்டி நிறைய என்ஜின்களை இப்படித் தள்ளிவிட்டேன். சில வாரங்கள் கழித்து அதில் ஒரே ஒரு என்ஜின் தனியாக விற்பனைக்கு வந்தது. முழுப்பெட்டிக்கு எனக்குக் கிடைத்த தொகைதான் அதன் விலை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. இந்தப் பதிலில் அதன் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் சலிப்புக்கு வருகிறேன். ரயில் அலுத்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் ரயில் ஓடியதாக ஒரு வரிகூட இல்லை. பலகை, ஒயர், பிரிக்காத பெட்டி, முன்பணம், இவைதான் இருக்கின்றன. உங்களுக்கு அலுத்திருப்பது பாக்கி வேலைதான். எச்.ஓ. என்பது 87-இல் ஒரு பங்கு. நிஜத்தில் ஒரு கிலோமீட்டர் தூரம் உங்கள் அறையில் 11.5 மீட்டர். அப்படிப்பட்ட அளவில் ஏழு ஸ்டேஷன் என்றால் தண்டவாளம் பிரியும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு மோட்டார், அதற்கு ஒயர், அந்த ஒயரைப் பற்றவைக்க மேசைக்கடியில் மல்லாந்து படுப்பது, முகத்தில் ஈயத்துளி விழுவது. ஒரு குழு சேர்ந்து செய்கிற வேலையை ஒற்றை ஆள் தலையில் ஏற்றிக்கொண்டால், கதவைத் திறக்கும்போதெல்லாம் ரயில் தெரியாது. முடிக்காத வேலை வரிசையாக நின்று முறைக்கும். சம்பளமில்லாத ஆபீஸுக்கு யார்தான் ஆசையாகப் போவார்கள்?

ஒரு சின்னச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டதா? கிட்டப் பொருள் மங்கத் தொடங்கும் வயது அது. வண்டிகளை இணைக்கும் ஒரு கப்ளிங்கை மாட்ட நான்கு முறை முயன்று கீழே வைத்துவிட்டு "ஆர்வம் போய்விட்டது" என்று சொன்ன ஒருவருக்கு நான் சொன்ன வைத்தியம் புதுக் கண்ணாடியும் வெளிச்சமான மேசை விளக்கும். அதோடு சரியாகிவிட்டது. மேசைக்கடியில் படுக்கும் வேலையையும் முடிந்தவரை விட்டுவிடுங்கள். ஒயர் இணைப்புகளை மேசையின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்தால் உட்கார்ந்தபடியே பற்றவைக்கலாம்.

ரயில் மட்டுமல்ல, சாப்பாடு, தூக்கம், மனிதர்கள் எதுவுமே பிடிக்கவில்லை என்றால், அது இரண்டு வாரத்துக்கும் மேல் நீடித்தால், என்னை விடுங்கள், டாக்டரைப் பாருங்கள். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

மற்றபடி ஆறு மாதம் அறையைச் சாத்திவையுங்கள், குற்ற உணர்ச்சி இல்லாமல். சாத்தும் முன் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. மின்சாரத்தைச் சுவரிலேயே அணையுங்கள். ரயிலை ஓட்டும் கைக்கருவியில் பாட்டரி இருந்தால் கழற்றுங்கள். கசிந்தால் கருவி போயிற்று. என்ஜின்களைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டு, மேசை முழுவதும் மெல்லிய துணியால் மூடுங்கள். பழைய அட்டைப்பெட்டிகளில் இருக்கும் பஞ்சு ரப்பர் நாளாக ஆக உதிர்ந்து பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அது வண்டியைத் தொடாதபடி நடுவில் அமிலமற்ற மெல்லிய காகிதத்தைச் சுற்றுங்கள்.

"ஆறு மாதம் எதையும் தொடாதீர்கள்" என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. உங்கள் என்ஜின்களில் பலவற்றின் அடிச்சட்டம் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்தது. வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால், அந்த உலோகம் பல ஆண்டுகள் கழித்து உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கும். வீங்கும், மயிரிழை போல வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். சிங்க் பெஸ்ட் என்று இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான். பழங்காலத்து ரயில்களுக்குத்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 2000-க்குப் பின் வந்த மாடல்களிலும் பார்த்திருக்கிறேன். ஈரப்பதமும் சூடும் அதை வேகப்படுத்தும். குணப்படுத்த வழியில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்று சிலர் பயமுறுத்துவார்கள்; தொற்றாது, ஒரே தொகுப்பில் வார்த்தவை ஒன்றாகக் கெடுகின்றன, அவ்வளவுதான்.

இதில் என்ன அவசரம் என்றால், வீங்கும் அடிச்சட்டம் மேலே இருக்கும் பிளாஸ்டிக் உடலை உள்ளிருந்து தள்ளிப் பிளந்துவிடும். அடிச்சட்டம் போனால் போகட்டும். உடலும் மோட்டாரும், கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் டிகோடரும் மிஞ்சினால் பிறகு வேறு சட்டம் தேடலாம். ஆகவே பிரிக்காத அந்த 15 பெட்டிகளையும் ஒரு மாலை உட்கார்ந்து பிரியுங்கள். என்ஜினைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சட்டம் வாழைப்பழம் போல வளைந்திருக்கிறதா, முனைகள் தொங்குகின்றனவா, உடல் இறுகிப்போய்க் கழற்ற வரவில்லையா, ஓரங்களில் விரிசல் தெரிகிறதா? எதற்காவது "ஆம்" என்றால் அன்றைக்கே உடலைக் கழற்றித் தனியே வையுங்கள். படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். சிலர் மாற்றுச் சட்டம் தருவதுண்டு. "பிரித்தால் மதிப்பு குறையும்" என்று யாராவது சொன்னால், உள்ளே இருப்பது என்ஜினா பொடியா என்று தெரியாத பெட்டிக்கு என்ன மதிப்பு என்று திருப்பிக் கேளுங்கள்.

முன்பணம் கட்டிய மூன்றையும் ரத்து செய்ய முடியுமா என்று ரசீதைப் பாருங்கள். முன்பதிவு என்கிற இந்த ஏற்பாட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள். "குறைந்த எண்ணிக்கை" என்கிறார்கள், எத்தனை என்று பெட்டியில் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. அறிவித்த தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். வந்து சேரும் நாளில் நீங்கள் எதற்கு வாங்கினீர்கள் என்பதே மறந்திருக்கும். ஆசையை வாங்கி வைத்துக்கொண்டு கடமையாகத் திருப்பித் தருகிறார்கள்.

ஆறு மாதம் கழித்து என்ன செய்வது? ஐந்து வெற்று ஸ்டேஷன்களையும் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். பலகையைப் பிரிக்க வேண்டாம். முன்னால் ஒரு திரை தொங்கட்டும். திரைக்குப் பின்னே இரண்டு மூன்று லைன்கள் போதும். வண்டிகள் அங்கிருந்து வந்து அங்கேயே போய் மறையட்டும். முடிந்த இரண்டு ஸ்டேஷன்கள்தான் இனி உங்கள் ரயில்வே.

அவற்றில் ஒன்றின் சரக்கு யார்டில் ஒரு பழைய விளையாட்டை ஆடிப் பாருங்கள். ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் உருவாக்கியது; இங்கில்நூக் என்று பெயர். மூன்று லைன்கள், இரண்டு பாயிண்ட்கள். ஒரு லைனில் ஐந்து வாகனுக்கு, அதாவது சரக்குப் பெட்டிக்கு, இடம் இருக்கும்; மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு. இவற்றுக்கு வெளியே, என்ஜின் முன்னும் பின்னும் போகிற லைனில் என்ஜினோடு மூன்று வாகன் மட்டும் அடங்கும். மொத்தம் எட்டு வாகன்கள். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே ரயிலாகக் கோக்க வேண்டும். 6,720 விதமாக வரிசை அமையும் என்பதால் நேற்று ஆடியது இன்று வராது. இரண்டு மீட்டர் பலகைக்குள் அடங்கிவிடும், அரை மணியில் முடிந்துவிடும், பாக்கி எதுவும் மிஞ்சாது.

அதற்கு வண்டி நடுவழியில் நிற்காமல் ஓட வேண்டும். தண்டவாளத்தைச் சொரசொரப்பான ரப்பரால் தேய்க்காதீர்கள். நுண்ணிய கீறல் விழும், அழுக்கு அதில் குடியேறும், அடுத்த மாதம் இன்னும் அதிகம் தேய்ப்பீர்கள். பிசிறில்லாத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். அதே துணியைத் தண்டவாளத்தின்மேல் விரித்து என்ஜினைப் பாதி அதன்மேல் பிடித்து ஓடவிட்டால் சக்கரமும் சுத்தமாகும். பல மாதம் சும்மா கிடந்த என்ஜின் முனகினால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு ஒரு துளி புதிது போதும்.

இந்த நேரத்தில் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். டி.சி.சி. என்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்குப் பொதுத் தரம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, ஆனால் தண்டவாளத்தில் போகும் சமிக்ஞைக்குத்தான். கையில் பிடிக்கும் கருவிக்கு எல்லோரும் பின்பற்றும் தரம் இல்லை. ஒரு கம்பெனியின் கைக்கருவி இன்னொரு கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பெரும்பாலும் பேசாது. இத்தனை ஆண்டுகளாகியும் இதை ஒழுங்கு செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை. பேச வைக்க நாம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அரை மணி ஆட்டமும் பிடிக்கவில்லை என்றால், அப்போது விற்கலாம். ஒவ்வொன்றாக, ஓட்டிக் காட்டிய படத்தோடு, குறையையும் எழுதி. நாலைந்து என்ஜின்களையாவது வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர், நானும் வந்தவன்தான்.

அந்த மொத்த வியாபாரி இந்த வாரம் கூப்பிடும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: 38 என்ஜினுக்கும் தனித்தனியே விலை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று. தந்தால் அந்தத் தாளின் படத்தை எனக்கும் அனுப்புங்கள். அப்படியொரு தாளை நான் இதுவரை பார்த்ததில்லை.