மேற்குச் சுவர் ஊறுகிறது அண்ணாச்சி! – வீட்டுக் கேள்வி பதில்

ஆனி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி சுவரைப் பற்றித்தான் இருக்கும். ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் புளியரை, செங்கோட்டைப் பக்கமெல்லாம் மழை மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் அடிப்பதுதான் அதிகம். அதனால் இந்த முறை ஈரத்தில் ஆரம்பித்துவிடுவோம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்களும் அங்கிருந்து இந்தப் பக்கம் வாழ வந்தவர்களும் கூட எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணாச்சி, எங்கள் பட்டாசலின் (ஹாலின்) மேற்குச் சுவர் வருஷா வருஷம் ஆனி ஆடியில் ஊறிவிடுகிறது. போன சித்திரையில் அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது, வெள்ளையாக உப்பும் பூக்கிறது. பெயிண்டர் உள்பக்கம் வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார், என் தம்பி டைல்ஸ் ஒட்டிவிடு என்கிறான். எதைச் செய்ய?
– வாசகி, புளியரை

இரண்டையும் செய்யாதீர்கள். ஹார்டுவேர் கடை வைத்து, பெயிண்ட் டப்பா விற்றுப் பிழைக்கிற நானே சொல்கிறேன். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் உள்ளே என்ன பூசினாலும் அது வேறு வழி தேடிக்கொள்ளும். டைல்ஸ் ஒட்டினால் காய இடமில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறும், இடுப்பு உயரத்தில் இருந்த கறை தோள் உயரத்துக்கு வரும், செலவு செய்ததற்கு அதுதான் மிச்சம்.

முதலில் கறை எப்படி இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு வரைக்கும் பட்டையாக ஏறியிருந்தால் அது அடியிலிருந்து வருகிற ஈரம். வெளியே சுவரை ஒட்டி மண் மேடாகிக் கிடக்கும், அல்லது மாடித் தண்ணீர் இறங்குகிற பைப் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருக்கும், அல்லது யாராவது ஆசையாக அங்கே ஒரு கனகாம்பரப் பாத்தி போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மண்ணை வெட்டி இறக்கி, பைப்புக்கு ஒரு எல்போ போட்டுத் தண்ணீரைத் தள்ளி விட்டாலே பாதி சரியாகும். ஜன்னலின் கீழ் மூலை இரண்டிலும் மீசை வைத்த மாதிரி இறங்கியிருந்தால் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் சந்து விட்டிருக்கிறது. உச்சியிலிருந்து இறங்கினால் மாடித் தளத்தையும் கைப்பிடிச் சுவர் சேருகிற மூலையையும் பாருங்கள்.

அப்புறம் எல்லாரும் விட்டுவிடுகிற ஒன்று, சன்ஷேடின் அடிப்பக்கம். முன் விளிம்பை ஒட்டி உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு காடி நீளவாட்டில் ஓட வேண்டும். அது இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் விளிம்பைச் சுற்றி, அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவரைத் தொட்டு இறங்கும். நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், தண்ணீர் பின்னால் நடந்து வருவது கண்ணுக்கே தெரியும். பழைய சன்ஷேடில் காடி வெட்ட முடியாவிட்டால் அடி விளிம்பில் ஒரு அலுமினிய ஆங்கிள் பட்டையை வைத்து முடுக்கலாம், அரை நாள் வேலை.

சந்தேகமாகவே இருந்தால் ஒரு முழம் சதுரத்துக்கு பாலித்தீன் தாளை உள்சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்தால் அது வீட்டுக்குள்ளேயே உண்டாகிற ஈரம். உள்ளே கொடி கட்டித் துணி காயப்போடுகிறீர்கள், அடுக்களை ஆவி போக வழியில்லை என்று அர்த்தம். அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும், கொத்தனார் வேண்டாம்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிறகு விறைப்பான பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். பூச்சு வேலை எல்லாம் சுவர் முழுக்கக் காய்ந்த பங்குனி, சித்திரையில்தான், அதுவும் வெளிப்பக்கம் முதலில். உங்களுடையது பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் சுண்ணாம்பே அடியுங்கள், அது ஈரத்தை வெளியே விடும். ஆயில் பெயிண்ட் அடைத்து வைத்துக்கொள்ளும், அதுதான் கொப்புளமாக எழும்புகிறது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கும். மழையைச் சுவர்மேல் படவிடாமல் நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். இந்த வருஷத்துக்கு ஓலைத்தட்டி கட்டுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தட்டியும் ஊறி சுவரும் ஊறும்.

மழைக்குக் கதவு இறுகிக்கொள்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கட்டுமா?
– வாசகர், பண்பொழி

வேண்டாம். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. இப்போது இழைத்தால் மாசி பங்குனியில் பல்லியே நுழைகிற அளவுக்குச் சந்து விழும். உரசுகிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். கீழ் ஓரம் பச்சை மரமாகவே இருக்கும், அங்கே யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. வெயில் காலத்தில் கதவைக் கழற்றி அந்த ஓரத்துக்கும் ஒரு கோட் கொடுங்கள். அப்புறமும் இறுகினால் ஆசாரியைக் கூப்பிடலாம்.

புது வீடு, நல்ல பெயிண்ட், நல்ல சோபா. ஆனாலும் ராத்திரி கடையை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிற மாதிரியே இருக்கிறது. என்ன குறை?
– வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

பல்பு அட்டையை எடுத்துப் பாருங்கள், 6500கே என்று போட்டிருக்கும், அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண். அந்த நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் கணக்கு நோட்டு பார்க்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் நல்லது, கால் நீட்டி உட்கார நல்லதில்லை. கடையில் மஞ்சள் கலந்த 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள், 2700கே அல்லது 3000கே. விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. 9 வாட்ஸ் எல்இடி பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும், ஹாலில் ராத்திரி உட்கார அதுவே தாராளம்.

இரண்டாவது, விளக்கு எங்கே இருக்கிறது என்பது. உத்தரத்து உயரத்தில் ஒரே ஒரு டியூப் லைட்டைப் போட்டால் எல்லார் முகத்திலும் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், எல்லாரும் சோர்ந்து போனவர்களாகத் தெரிவோம். உட்கார்ந்தால் தோள் உயரம் வருகிற மாதிரி மூலையில் ஒரு விளக்கு வையுங்கள். டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம், தனி ஸ்விட்ச்சில் இருக்கட்டும். விருந்தாளி வந்தால், பிள்ளை முள் குத்தி வந்தால் தேவைப்படும். அடுக்களையில் வெள்ளை வெளிச்சமே இருக்கட்டும், கத்தி பிடிக்கிற இடம்.

தாத்தா காலத்து வீடு. தரை முழுக்க சிவப்புக் காவி, இப்போது மங்கிப்போய் அங்கங்கே விரிசல். பிள்ளைகள் மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை.
– வாசகர், தக்கலை

உங்களுக்கு மனசில்லாததுதான் சரி. உங்கள் ஊரிலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் கல்குளம் தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, அரண்மனையை மட்டும் இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. அங்கே அந்தக் கறுப்புத் தரையில் முகம் தெரியும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொல்வார்கள். நம் வீட்டுக் காவித் தரை அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் கொத்தனார் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து கரணையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. அந்தப் பொறுமை உள்ள கை இப்போது கிடைப்பது கஷ்டம்.

ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் தரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மங்கியதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். காரமில்லாத சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பழைய வேட்டித் துணியில் நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் தேயுங்கள். நாலைந்து சொட்டு என்றால் நாலைந்து சொட்டுதான், தாராளமாக ஊற்றினால் வழுக்கும், தூசியும் ஒட்டும். வீட்டில் வயசானவர்கள் நடமாடுகிற நடையிலும் குளியலறைப் பக்கமும் எண்ணெயே வேண்டாம். கால் படப் படக் கொஞ்ச நாளில் நிறம் ஏறி வரும்.

விரிசலுக்கு சிமெண்டில் ஆக்ஸைடு கலந்து பூசலாம், ஆனால் நிறம் ஒத்துப்போகாது. எந்தக் கொத்தனார் ஒத்துப்போகும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். விரிசலில் நகம் இறங்காவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ரொம்பப் பிடிவாதம் பிடித்தால் குளியலறையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள், அங்கே டைல்ஸ் நல்லதுதான்.

நான் புனலூர்க்காரி, செங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் வீட்டில் சாயங்காலமானால் சிட்டவுட்டில் (முன் வராந்தாவில்) உட்கார்ந்து சாயா குடிப்போம். இங்கே நல்ல திண்ணை இருக்கிறது, ஆனால் அதன்மேல் அத்தையின் தகர டின்கள், தேங்காய் மட்டை, மாமாவின் ஓடாத சைக்கிள். எடுத்துப் போடச் சொன்னால் சண்டை வருமோ என்று பயம்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

சொன்னால் கண்டிப்பாக வரும் தாயி. அதனால் சொல்லாதீர்கள். அந்த மட்டை ஏன் திண்ணையில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா? வெந்நீர் அடுப்புக்கு அது காய்ந்த மட்டையாக வேண்டும், சாரல் காலத்தில் உங்கள் வீட்டில் நனையாத ஒரே இடம் திண்ணைதான். அத்தை அதைப் போட வேறு இடம் இல்லை. புறவாசல் சுவரோடு ஒரு தகர ஷீட் இறக்கி, கீழே நாலு வரிசை செங்கல் அடுக்கி, மேலே ரெண்டு பலகை போட்டுக் கொடுங்கள். செங்கல் கட்டாயம், தரையில் அடுக்கினால் கரையான் ஏறிவிடும். அடுப்புக்குப் பக்கத்திலேயே மட்டை இருந்தால் அத்தைக்கு நடையும் மிச்சம், நீங்கள் கேட்காமலே மட்டை இடம் மாறும்.

டின்களைத் தொடாதீர்கள். அவற்றில் ஒன்றில் எள்ளுருண்டையோ பத்திரமோ இருக்கும், எது என்று அத்தைக்கு மட்டும்தான் தெரியும். மாமாவிடம் சைக்கிளைப் பற்றிப் பேசவே வேண்டாம், டயரும் டியூபும் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஓடுகிற சைக்கிள் திண்ணையில் நிற்காது.

அது வரைக்கும் மிச்சமிருக்கிற இடத்தில் ஒரு கோரைப்பாயைப் போட்டு உட்காருங்கள், மழைக்குச் சிமெண்ட் திண்ணை சில்லென்று ஏறும். பத்தமடைப் பட்டுப்பாயை இதற்கு எடுத்துவிடாதீர்கள், முரட்டுப் பாய் போதும். சாயாவை இரண்டு டம்ளரில் கொண்டுபோங்கள், ஒன்று அத்தைக்கு. தெருவில் போகிறவர்கள் நின்று பேச ஆரம்பித்துவிட்டால் எந்த டின் எங்கே போக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். இஞ்சி கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப் போடுங்கள், இந்தக் காற்றுக்கு அது வேண்டும்.

ஓட்டு வீடு, பகலிலேயே அடுக்களை இருட்டு. ஜன்னல் வைக்கப் பக்கத்து வீட்டுச் சுவர் இடிக்கிறது.
– வாசகி, களியக்காவிளை

கண்ணாடி ஓடு போடுங்கள். கடைக்குப் போகும் முன் ஒரு ஓட்டைக் கழற்றி அடியில் பாருங்கள், கம்பெனி முத்திரை இருக்கும். ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் காடி கொஞ்சம் மாறும், பொருந்தாததைச் செருகினால் முதல் மழையிலேயே ஒழுகும். அந்த ஓட்டையே பையில் போட்டு எடுத்துப்போவது உத்தமம். வடக்குச் சரிவில் இரண்டு போதும். மேற்குச் சரிவில் வைத்தால் மூணு மணி வெயில் நேரே தோசைக்கல்மேல் விழும், நிற்க முடியாது.

கான்கிரீட் வீடு. ஹாலில் ஃபேன் மாட்டுகிற கொக்கி ஒன்று சும்மா இருக்கிறது. அதில் ஊஞ்சல் போடலாமா?
– வாசகர், கோபாலபுரம், பொள்ளாச்சி வழி

கூடாது. ஃபேன் கொக்கி ஃபேனுக்குத்தான். ஊஞ்சலில் ஆள் கனம் மட்டுமில்லை, ஆட ஆட இழுப்பும் சேரும், பிள்ளைகள் மூன்று பேர் ஒன்றாக ஏறுவார்கள். தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிய கொக்கி இருந்தால் சரி, இல்லையென்றால் விவரம் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் வந்து பீமைப் பார்த்து இடம் சொல்லட்டும். அதுவும் சரிவராவிட்டால் கால் வைத்த இரும்பு ஸ்டாண்டு ஊஞ்சல் வாங்குங்கள். பழைய தேக்குப் பலகை வீட்டில் இருந்தால் அதையே அதில் மாட்டிக்கொள்ளலாம்.

கஞ்சிக்கோட்டில் வேலை, பாலக்காட்டில் வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனர் கண்டிஷன். ஒற்றை ஆள், வீட்டுக்கு வந்தால் வீடு மாதிரியே இல்லை.
– வாசகர், பாலக்காடு

தம்பி, கட்டிலை முதலில் ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குக் காசு கிடையாது. திரைச்சீலைக்கு ஆணி வேண்டாம், ஜன்னல் சட்டத்துக்குள் முறுக்கி இறுக்குகிற ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது. மேலே கூடலூர்க்காரருக்குச் சொன்ன மஞ்சள் பல்பு உங்களுக்கும்தான். சாப்பிட ஒரு சின்ன மேசை வாங்கிவிடுங்கள், கட்டிலில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிற வரைக்கும் அது லாட்ஜ்தான். வாரத்தில் ஒரு நாளாவது ரசம் வையுங்கள், அந்த வாசனைக்கு ஆணி தேவையில்லை. ராடு வாங்கப் போகுமுன் சட்டத்தின் உள் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொண்டு போங்கள், பழைய வீட்டு ஜன்னல் எதுவும் நேராக இருக்காது.