மகள் ஹேக் போக ஆசைப்படுகிறாள், என்ன செய்வது?

வணக்கம் அக்கா. டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை முழுக்கக் கேட்டேன். பதினோராம் வகுப்பு, அக்கவுண்டிங்கில் நல்ல மார்க். சி.ஏ. படிக்கப் போகிறாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். இப்போது வந்து ‘சர்வதேசச் சட்டம், உலக அமைதி’ என்கிறாள். “அமைதி சோறு போடுமா?” என்று கேட்டிருந்தீர்கள்.

அமைதி போடாது, சட்டம் போடும். பட்டம் வாங்கின கையோடு ‘சர்வதேச வழக்கறிஞர்’ என்று யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. முதலில் இந்த நாட்டில், இந்த ஊரில் ஒரு நல்ல வக்கீல் ஆக வேண்டும். நெதர்லாந்தின் ஹேக் நகரத்துச் சர்வதேசக் கோர்ட்டுகள், ஜெனிவாவில் ஐ.நா. எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை மகளும் புரிந்துகொண்டால் வீட்டில் பாதி சண்டை ஓய்ந்துவிடும்.

அவளுக்கு இந்த ஆசை வந்த வழி எனக்குத் தெரியும். 2024 ஜனவரி 11 அன்று ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் அதிலா ஹாசிமும் டெம்பேகா இன்கூகைடோபியும் காசா இனப்படுகொலைக் குற்றச்சாட்டு வழக்கில் இஸ்ரேலுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்காக வாதாடியதை இங்கே பள்ளிப் பிள்ளைகள்கூட போனில் பார்த்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே கறுப்பு கவுன் போட்டு நின்றவர்கள் அதற்கு முன்னால் உள்நாட்டு நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் வழக்காடியவர்கள்.

டர்பன் வக்கீலாகத் தொடங்கி சர்வதேச நீதிபதியான நவி பிள்ளை அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளேர்வுட்டில் பஸ் டிரைவர் மகள். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துத்தான் நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். படித்து முடித்தும், நிறவெறி ஆட்சிக் காலம் என்பதால், வக்கீல் ஆபீஸ்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்கார ஊழியர்களை அவருக்குக் கீழே வேலை செய்ய வைக்க முடியாது என்றார்கள். அதனால் 1967-இல் தானே ஆபீஸ் திறந்தார். கணவரைப் போலீஸ் பிடித்து வைத்தபோது, சட்டவிரோதமான முறையில் விசாரிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். ராபன் தீவுக் கைதிகள் வக்கீலைப் பார்க்கும் உரிமைக்கும் போராடினார். இப்படி 28 வருடம். 1995-இல்தான் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்துக்கு நீதிபதியாகத் தேர்வானார். அந்தத் தீர்ப்பாயம்தான் 1998-இல் அகயேசு என்பவர் மீதான வழக்கில், பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று முதன்முதலாகத் தீர்ப்புச் சொன்னது. அப்புறம் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், ஐ.நா. மனித உரிமை ஆணையர் பதவி. எல்லாம் டர்பன் வக்கீல் தொழிலின் மேல் கட்டியதுதான்.

அண்ணன் கேட்டாராமே, “அந்தக் கோர்ட் சொன்னால் யார் கேட்கிறார்கள்?” என்று. நியாயமான கேள்வி. சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பு வழக்கில் உள்ள நாடுகளைக் கட்டுப்படுத்தும். ஆனால் ஒரு நாடு மதிக்காவிட்டால் விஷயம் பாதுகாப்பு சபைக்குப் போகும். அங்கே ஐந்து நாடுகளுக்கு வீட்டோ, அதாவது முடிவைத் தடுக்கும் அதிகாரம் உண்டு. அதையும் மறைக்காமல் மகளிடம் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்: 1946-இல் ஐ.நா. பொதுச்சபை முதன்முதலாகக் கூடிய வருடமே இந்தியா கொண்டுபோன புகார், இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் இந்திய வம்சாவளி ஆட்களை நடத்திய விதத்தைப் பற்றியது. அந்த அநீதியை எதிர்த்து டர்பன் கேல் ஸ்ட்ரீட் முனையில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போன தலைமுறை அது. தீர்மானம் வந்த மறுநாள் எதுவும் மாறவில்லைதான். ஆனாலும் அந்த விஷயத்தை ஐ.நா. அப்புறம் கைவிடவே இல்லை.

இந்தத் துறையில் பெரும்பகுதி வேலை போர் வழக்கு கிடையாது. டர்பன் துறைமுகத்தில் வெளிநாட்டுக் கப்பலைக் கடனுக்காக நீதிமன்ற உத்தரவு வாங்கி நிறுத்தி வைப்பார்கள். அதுவும் எல்லை தாண்டிய சட்டம்தான், நன்றாகவே சம்பாதிக்கலாம். காங்கோவிலிருந்து வந்த அகதிக்குப் பேப்பர் வாங்கித் தருவது இன்னொன்று. அதில் காசு குறைவு, கற்பது நிறைய. அமைதிப் பேச்சுவார்த்தைதான் பிடிக்கும் என்றால், வாசு கவுண்டன் 1992-இல் தொடங்கிய ஆக்கார்ட் அமைப்பு நம் டர்பன் பக்கமே இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சண்டைகளில் சமரசம் செய்வதும், அதற்கு ஆட்களைப் பயிற்றுவிப்பதும் அவர்கள் வேலை.

படிப்பு விஷயம். மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்து டர்பன் ஹோவர்ட் காலேஜில் நான்கு வருடச் சட்டப் படிப்பு, எல்.எல்.பி. அதன்பின் ஆர்ட்டிகிள்ஸ் (வக்கீல் ஆபீஸில் பயிற்சி), போர்டு பரீட்சை. இவையெல்லாம் முடிந்தால் அட்டர்னி, அதாவது வக்கீல். அதற்கப்புறம் எந்தக் கனவைத் துரத்தினாலும் கையில் தொழில் இருக்கும். மேல்படிப்புக்கு பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம் நல்ல இடம். அவர்கள் நடத்தும் ஆப்பிரிக்க மாதிரி நீதிமன்றப் போட்டியில் எல்.எல்.பி. மாணவர்களே வாதாடலாம். இவள் காலேஜ் சேர்ந்ததும் அதில் கண் வைக்கட்டும். வெறும் ‘சர்வதேச உறவுகள்’ பி.ஏ. மட்டும் படிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். படிப்பு சுவாரஸ்யமானதுதான், ஆனால் அதை வைத்து வக்கீல் ஆக முடியாது.

அக்கவுண்டிங்கை விடச் சொல்லாதீர்கள். ஆயுதக் கடத்தல், போர்க்குற்ற விசாரணை எல்லாவற்றிலும் பணம் போன வழியைப் படிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. பிரெஞ்சு கட்டாயம் ஆரம்பிக்கட்டும். சர்வதேச நீதிமன்றம் நடப்பது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான், ஆப்பிரிக்காவிலும் பாதி வேலைக்கு அது தேவை. டர்பனிலேயே அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்பு இருக்கிறது.

பணம்: குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் என்றால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதைக் கொஞ்சம் தாண்டிய வீடுகள்தான் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. அப்படியானால் பர்சரி (படிப்பு உதவித்தொகை) தேடலை இந்த வருடமே தொடங்குங்கள். இன்னொரு எச்சரிக்கை. ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. ஜெனிவா வாடகை நம் கையை மீறியது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். “ஐ.நா. வேலை வாங்கித் தருகிறேன், ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ் கட்டு” என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே பிளாக் செய்யுங்கள். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை.

இந்த ஆசை நிஜமா என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். முதலில் சொன்ன இஸ்ரேல் வழக்கில் தென்னாப்பிரிக்கா கொடுத்த மனு 84 பக்கம், நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். மறுநாள் ஜனவரி 12-ஆம் தேதி இஸ்ரேல் தரப்பு பேசியதும் அங்கேயே இருக்கிறது. லீவில் இரண்டையும் படித்து, இரு தரப்புக்கும் ஒவ்வொரு பக்கம் எழுதட்டும், தனக்குப் பிடிக்காத தரப்பையும் அவர்கள் வக்கீலே எழுதின மாதிரி. அடிக்குறிப்பும் தேதியுமாகச் சலிப்பாக இருக்கும். இந்த வேலையில் முக்கால்வாசி அதுதான். எழுதி முடித்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாதியில் வைத்துவிட்டால் அவளைத் திட்டாதீர்கள், சி.ஏ. எங்கும் ஓடிவிடாது.

அடுத்த வருடம் சி.ஏ.ஓ. (நம் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அலுவலகம்) விண்ணப்பம் திறந்ததும் எல்.எல்.பி.யை முதல் விருப்பமாகவும் பி.காம். அக்கவுண்டிங்கை இரண்டாவதாகவும் போடுங்கள். கடைசித் தேதி வரை தள்ளாதீர்கள். பதினோராம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் முதலில் பார்ப்பார்கள், அதனால் இந்த வருடக் கடைசிப் பரீட்சையில் இங்கிலீஷ் மார்க்கைக் கவனிக்கச் சொல்லுங்கள்.