சுகர், பிரஷர் மாத்திரை வரிசை: ஆள் கூட்டாமல் குறைக்க வழி

வணக்கம் சகோதரி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்கு வருபவர்கள் மூன்று மணி நேரம் நிற்கிறார்கள், கூடுதல் ஆளும் கிடைக்காது, வீண் காத்திருப்பையும் வீண் வேலையையும் குறைக்கும் லீன் முறை உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாக உதவும்.

முதலில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நாள் காலையில் பத்துப் பேரிடம் துண்டுச் சீட்டு கொடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் வந்த நேரம், கிளம்பிய நேரம் குறிக்கச் சொல்லுங்கள். டொயோட்டாவில் வளர்ந்த இந்த முறைக்கு உயிரே, வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்ப்பதுதான். டாக்டர் பார்ப்பது சில நிமிடம், மற்றதெல்லாம் காத்திருப்பு என்பது அந்தச் சீட்டிலேயே தெரிந்துவிடும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு அறுவை சிகிச்சை முடியும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். உங்களிடமும் ரத்த அழுத்தம், எடை, சர்க்கரை மூன்றும் டாக்டர் அறைக்கு முன்பே முடிந்திருக்கட்டும். வெறும் வயிற்றில் வரும் பெரியவர்களுக்கு முதலில் ரத்தம் எடுத்துவிடுங்கள், பாவம், மயங்கி விழுகிறார்கள்.

அப்புறம் பஸ். எல்லாரும் ஒரே பஸ்ஸில் இறங்கினால் எந்த முறையும் தாங்காது. ஊர்வாரியாக நாள் பிரித்துப் பாருங்கள். நோய் கட்டுக்குள் இருப்பவர்களை, 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் சேர்க்க மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள்.

மருந்தகத்தில் ஒவ்வொரு மாத்திரைக்கும் இரண்டு பெட்டி போதும். முதல் பெட்டி காலியானால் அன்றே இன்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் சீட்டு) போடுங்கள், அடுத்தது வரும்வரை இரண்டாவது தாங்கும். மருந்தாளுநரையும் பதிவுச் சீட்டு போடுபவரையும் முதல் நாளே கூட உட்காரவைத்துப் பேசுங்கள். அந்தப் பத்துச் சீட்டின் நேரங்களை இங்கே போட்டால் சேர்ந்து பார்க்கலாம்.