பழைய தமிழ்ப் படங்களின் குணச்சித்திர நடிகர்கள்: தகவல் தேடுவோருக்குக் கேள்வி பதில்

கேள்வி (மதுரை): எங்கள் தாத்தா 1950-களில் சில படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தவர். பட்டியல் தயாரிக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பாட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கொட்டகை வாசலில் விற்ற அந்தச் சின்னப் புத்தகத்தில் நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள் மூன்றும் இருக்கும். இணையத்துப் பட்டியல்களில் விட்டுப்போன பெயர்கள் பல அதில் கிடைக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் பழைய சினிமா இதழ்களும் உண்டு.

ஆனால் அது படம் வெளிவருமுன்பே அச்சான புத்தகம். கடைசி நேரத்தில் வெட்டிய பாட்டு அதில் இருக்கும். மாற்றப்பட்ட நடிகரின் பெயரும் அப்படியே நிற்கும். அதனால் அடுத்த படி, படத்தின் டைட்டில், அதாவது தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் பகுதி. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் ஓடும் பிரதிகளில் டைட்டிலைக் கத்தரித்துத் தங்கள் நிறுவனப் பெயரை ஒட்டியிருப்பார்கள். ஒரு பிரதியில் இல்லையென்றால் வேறு பிரதியைத் தேடுங்கள். மூன்றாவதாக, முகத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் பட்டியலில் ஏற்றலாம். ஒன்றுதான் கிடைத்தது என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

கேள்வி (திருச்சி): பாட்டுப் புத்தகத்தில் வருடமே போடவில்லையே?

பதில்: பெரும்பாலும் போடமாட்டார்கள். விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசாவில் இருந்தால் அதற்குப் பின், 1964-ஐ ஒட்டிய காலம் வரை. அதன் பிறகு ‘நயா’ போய் வெறும் பைசா. ஓர் எச்சரிக்கை: படம் மறுவெளியீடு கண்டபோது புத்தகத்தையும் மறுபடி அச்சடித்திருப்பார்கள். விலை சொல்வது புத்தகத்தின் வயதை. படத்தின் வயதை அல்ல.

கேள்வி (சேலம்): முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ தீபாவளிக்கு வந்தது என்கிறார்களே?

பதில்: 1931 அக்டோபர் 31, சனிக்கிழமை, சென்னை கினிமா சென்ட்ரல். இந்தத் தேதியை எடுத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். அந்த ஆண்டு ஐப்பசி அமாவாசை நவம்பர் 9-ஐ ஒட்டித்தான் வருகிறது. ஆகவே தீபாவளி அன்று வெளியானது என்ற பேச்சு நிற்காது. இதே சோதனையில் 1944-இன் ‘ஹரிதாஸ்’ (அக்டோபர் 16), 1952-இன் ‘பராசக்தி’ (அக்டோபர் 17) இரண்டும் தேறிவிடுகின்றன. ‘பொங்கல் வெளியீடு’, ‘தீபாவளி வெளியீடு’ என்று எங்கே படித்தாலும் பஞ்சாங்கத்தோடு ஒரு தடவை ஒத்துப்பாருங்கள்.

கேள்வி (புதுச்சேரி): தணிக்கைச் சான்றிதழில் உள்ள தேதியை வெளியீட்டுத் தேதியாக எழுதலாமா?

பதில்: கூடாது. டிசம்பரில் சான்றிதழ் வாங்கி ஜனவரியில் வந்த படங்களுக்கு வருடமே மாறிப்போகும். வெளியீட்டுக்கு நாளிதழ் விளம்பரம்தான் சாட்சி. ‘இன்று முதல்’ என்ற வரியைத் தேடுங்கள். ‘விரைவில்’ எதற்கும் உதவாது.

சான்றிதழின் உண்மையான பயன் வேறு. அதில் படத்தின் நீளம் அடியில் இருக்கும். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம் (தனித்தனிப் படச்சட்டம்), நொடிக்கு 24 பிரேம்; ஆக நிமிடத்துக்கு 90 அடி. 15,750 அடி என்றால் 175 நிமிடம். கையில் உள்ள வீடியோ 150 நிமிடம்தான் ஓடுகிறதென்றால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது. சின்ன வேடக்காரர்களின் காட்சிகள்தான் முதலில் போகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்த் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 பிரேம். அதற்கு மாற்றிய பிரதியில் 175 நிமிடப் படம் முழுசாக இருந்தாலும் 168 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஏழு நிமிடத்தைக் காணோம் என்று தேடி அலையவேண்டாம்.

கேள்வி (கோவை): டி.ஆர்.ராமச்சந்திரன், டி.கே.ராமச்சந்திரன் ஒருவரா?

பதில்: இருவர். டி.ஆர். ‘சபாபதி’ (1941) நாயகன், உருட்டு விழி நகைச்சுவை நடிகர். டி.கே. வில்லன். இது போதாதென்று எம்.ஜி.ஆரும் ஆரம்பப் படங்களில் ‘ராம்சந்தர்’ என்றே டைட்டிலில் வருவார். இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் குறித்துக்கொள்வதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

கேள்வி (சென்னை): தமிழ், தெலுங்கு இரண்டிலும் எடுத்த படத்தை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா?

பதில்: இரண்டாக. 1955-இன் ‘மிஸ்ஸியம்மா’வில் சாவித்திரியும் எஸ்.வி.ரங்காராவும் இரு மொழியிலும் உண்டு. ஆனால் தெலுங்கில் என்.டி.ராமாராவ் செய்ததைத் தமிழில் ஜெமினி கணேசன் செய்தார். நாகேஸ்வர ராவ் வேடம் தங்கவேலுவுக்கு. தெலுங்குப் பட்டியலை அப்படியே தமிழுக்கு நகலெடுத்தால் தங்கவேலு காணாமல் போய்விடுவார். டப்பிங் படம் வேறு கணக்கு. அதில் முகம் ஒருவர், குரல் இன்னொருவர்.

கேள்வி (நெல்லை): வி.கே.ராமசாமி இளைஞராக நடித்த படம் எது?

பதில்: கேள்வியே தலைகீழ். அவர் 1926-இல் பிறந்தவர். ‘நாம் இருவர்’ (1947) படத்தில் வயதான கள்ளமார்க்கெட் வியாபாரியாக வந்தபோது அவருக்கு இருபதைச் சுற்றித்தான் வயது. படத்தில் தெரியும் வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டு போடும் ஆசாமிகள் கவனிக்கவும்.

கேள்வி (தஞ்சை): குணச்சித்திர நடிப்பை அறிய ஒரே ஒரு காட்சி சொல்லுங்கள்.

பதில்: ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ் பேய்க்கதை சொல்லும் இடம். பேச்சும் சத்தமும் எல்லாம் நாகேஷிடம். முதல் தடவை அவரைப் பாருங்கள். இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டு பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். சும்மா கேட்கலாம் என்று உட்கார்ந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் விழுவது தெரியும். அந்தச் சிரிப்பில் பாதிக்கு மேல் அவர் சம்பாதித்தது.

கேள்வி (ஈரோடு): மோகன் ராமன் நடிகரா, வரலாற்றாளரா?

பதில்: இரண்டும். டாக்டர், வக்கீல், அதிகாரி என்று வந்துபோகும் வேடங்களில் பார்த்த முகம். பழைய படங்களைப் பற்றி எழுதுவதும் பேசுவதும் அவருக்கு இன்னொரு வேலை. படப்பிடிப்புத் தளத்தை உள்ளிருந்து பார்த்தவர் வரலாறு சொல்வதில் ஒரு லாபம் இருக்கிறது. டைட்டிலில் பெயர் எப்படி ஏறும், எப்படி விடுபடும் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. இன்னொரு சினிமா வரலாற்றாளரான ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வந்த வழி வேறு: புகைப்படக்காரர், பிறகு மக்கள் தொடர்பாளர். தேதியும் பட்டியலும் வேண்டுமென்றால் அவர் தொகுத்ததில் தொடங்குங்கள்.

கேள்வி (காரைக்குடி): வீட்டுப் பரணில் ஒரு பழைய பிலிம் சுருள் இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: ஓட்டிப் பார்க்காதீர்கள். காடி வாசம் அடித்தால் அசிட்டேட் வகைப் பிலிம். கெட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் எளிதில் தீப்பற்றாது. 1950-களின் தொடக்கத்துக்கு முந்தியது என்றால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். அது பற்றினால் தண்ணீரிலும் அணையாது. அடுப்பு, விளக்கு, வெயில் மூன்றுக்கும் எட்டாத, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுப் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். டப்பாவின் மேல் ஒட்டியுள்ள சீட்டைக் கிழிக்கவேண்டாம். படத்தின் பெயரும் ரீல் எண்ணும் அதில்தான் இருக்கும்.